உங்கள் ஊரின் புயல் வரலாற்றை எழுதுவது எப்படி: வேதாரண்யத்திலிருந்து ஒரு வழிமுறை

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இது எல்லா ஆவணங்களிலும் இருக்கும். ஆறுகாட்டுத்துறையில் கடல் எந்தத் தெரு வரை ஏறியது, தேத்தாகுடியில் மாமரங்கள் எந்தத் திசை பார்த்து விழுந்தன, கோடியக்காட்டில் எத்தனை நாள் கழித்துக் குடிநீர் வந்தது என்பவற்றை அங்கே இருந்தவர்களைக் கேட்டால்தான் எழுத முடியும். மாவட்டக் கணக்கில் நம் ஊர் ஓர் எண்ணாகக் கரைந்துபோகிறது. அந்த எண்ணிலிருந்து ஊரைத் திரும்பப் பிரித்தெடுப்பதைத்தான் ஊர்ப் புயல் ஏடு என்கிறேன். நான் வேதாரண்யத்தில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் ஊருக்காக இந்த ஏட்டை எழுதி வருகிறேன். வேறு ஊர்க்காரர்களும் இதே வழியில் எழுதலாம் என்பதால் முறையைச் சொல்கிறேன்.

முதலில் எலும்புக்கூடு. ஊர்ப் பெரியவர்களிடம் போவதற்கு முன்பே, அச்சில் உள்ள தேதிகளைக் கொண்டு ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1891 முதலான புயல்களின் பாதைகளை வரைபடமாக வெளியிட்டிருக்கிறது. உங்கள் ஊரைச் சுற்றி நூற்றைம்பது கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் கடந்த பாதைகளை மட்டும் எடுங்கள். எங்கள் பட்டியலில் தவிர்க்க முடியாதவை: 1952 நவம்பர் 30, நாகைக்கு அருகே கரையேறிய புயல், 1955 நவம்பர் கடைசியில் கிளம்பி டிசம்பர் முதல் தேதியையொட்டி ராஜாமடம் பக்கம் ஏறியது, 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது, 1977 நவம்பர் 12 விடியற்காலையில் நாகைக்குத் தெற்கே கடந்தது, 2008 நவம்பரில் நிஷா, 2018-இல் கஜா. இவற்றோடு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றுக்குத் தேதிதான் பெயர். தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. வானிலைத் துறையின் தொழில்நுட்ப அறிக்கைகள் உலக நேரத்தில் எழுதப்படுபவை. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கஜா நம் கடிகாரத்தில் 16-ஆம் தேதி நள்ளிரவு 12.30-க்கும் 2.30-க்கும் இடையில் கடந்தது. உலக நேரத்தில் அது 15-ஆம் தேதி. மழைக் கணக்கோ வேறு விதம். காலை 8.30-க்கு மழைமானியைப் பார்த்து, அதுவரை இருபத்துநான்கு மணி நேரம் பெய்ததை அன்றைய தேதியில் எழுதுவார்கள். அதாவது 16-ஆம் தேதி மழை என்று பதிவாகியிருப்பதில் 15-ஆம் தேதி காலை 8.30-க்குப் பின் பெய்ததும் அடங்கும். 1950-களின் பிற்பகுதிக்கு முந்தைய பதிவுகள் அங்குலத்திலும், அதன் நூறில் ஒரு பங்கான சென்ட்டிலும் இருக்கும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். மாற்றி எழுதும்போது மூல எண்ணையும் பக்கத்திலேயே வையுங்கள்.

அடுத்து, எந்த அலுவலகத்தின் எந்தக் கோப்புக் கட்டுக்குள் தேடுவது என்பது. எங்கள் ஊர் இன்று நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யம் வட்டம். ஆனால் நாகை மாவட்டம் 1991-இல்தான் பிறந்தது. 1977 புயலின் நிவாரணத் தாள்கள் தஞ்சாவூர் மாவட்டத் தலைப்பில் இருக்கும். இன்னும் பின்னால் போனால் வேதாரண்யம் திருத்துறைப்பூண்டி தாலுகாவின் பகுதி. ஆங்கிலேயர் காலத் தாள்களில் தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, நாகப்பட்டினம் ‘நெகபட்டம்’, கோடியக்கரை ‘பாயிண்ட் காலிமர்’. இந்த எழுத்துகளில் தேடாமல், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒன்றுமே இல்லை என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். உங்கள் ஊர் எப்போது எந்த வட்டத்தில், எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வருவாய்த் துறையின் தாள்களில் எனக்கு மிகவும் பிடித்தது அடங்கல். எந்தப் புல எண்ணில் என்ன பயிர், விளைந்ததா, போனதா என்பது அதில் இருக்கும். ஆண்டு பசலியில் இருக்கும். ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பசலி. ஜூலை முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கு ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழியுங்கள். 1977 நவம்பர் என்றால் பசலி 1387. 2018 நவம்பர் பசலி 1428. பழைய அடங்கல்கள் எல்லா இடத்திலும் தங்கியிருப்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கும்போது கிராமம், பசலி, கணக்கின் பெயர் மூன்றையும் எழுதிக் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். பொதுவாகப் புயல் சேத விவரம் தருக என்று கேட்டால் மறுபடியும் அந்த மாவட்ட எண்தான் வரும்.

நாளிதழ்களுக்குக் கன்னிமாரா நூலகமும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் நல்ல இடங்கள். ஒரு தந்திரம் சொல்கிறேன். 1977-இல் எங்கள் புயலுக்கு ஒரு வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவிசீமையில் கடல் ஏறி ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். அதன்பின் பக்கங்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. எங்கள் புயலுக்குத் தமிழ்நாட்டில் 560 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஆனாலும் சிற்றூர்ச் செய்திகளை 13 முதல் 19 வரையிலான இதழ்களில்தான் தேட வேண்டும். உங்கள் ஊர்ப் பேரிடரை அடுத்து நாட்டில் பெரிதாக ஏதேனும் நடந்ததா என்று முதலில் பாருங்கள். செய்தி திடீரென்று நின்றுபோனால் துயரம் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்பது

இனி முக்கியமான வேலை. பெரியவர்களிடம் எந்த வருடம் என்று கேட்காதீர்கள். வருடம் அவர்கள் நினைவில் எண்ணாக இல்லை. அப்போது மடியில் யார் இருந்தார்கள், கூரை கீற்றா ஓடா, பத்தாயத்தில் நெல் இருந்ததா, வயலில் கதிர் வந்திருந்ததா என்று கேளுங்கள். மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோ, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடோ மீதியைச் சொல்லிவிடும். பஞ்சாங்க ஆண்டுப் பெயர் நினைவில் இருந்தால் அது பொன். 1952-53 நந்தன, 1964-65 குரோதி, 1977-78 பிங்கள, 2004-05 தாரண, 2018-19 விளம்பி. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தாது வருடப் பஞ்சம் என்றால் 1876-77 தாது. 1936-37 தாதுவோடு குழப்பிவிடக் கூடாது.

எங்கள் ஊரில் என்னை மிகவும் அலைக்கழித்தது 1952-ம் 1955-ம். இரண்டும் கார்த்திகை மாதம், ஏறக்குறைய ஒரே தேதி. சரி, நிலவை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தால், இரண்டுமே பௌர்ணமியை ஒட்டியவை. 1952-இல் பௌர்ணமி டிசம்பர் 1. 1955-இல் நவம்பர் 29. தீபத்தை ஒட்டி வந்த புயல் என்று ஒரு பாட்டி சொன்னால் எதை எழுதுவது? இரண்டு கேள்விகள் கைகொடுத்தன. ஒன்று, அப்போது ராஜாஜி முதல்வரா, காமராஜர் வந்துவிட்டாரா? உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த ஊர் எங்களுடையது. 1930-இல் இங்கே உப்பெடுத்துக் கைதான ராஜாஜியை இங்குள்ள முதியவர்கள் மறப்பதில்லை. அவர் 1952 ஏப்ரலிலிருந்து 1954 ஏப்ரல் வரை முதல்வர், பிறகு காமராஜர்.

இரண்டாவது கேள்வி காற்று. இதற்கு நிறைய நேரம் கொடுங்கள். காற்று முதலில் எந்தப் பக்கமிருந்து அடித்தது, பிறகு எப்படித் திரும்பியது? வங்கக் கடல் புயல் மேற்கு நோக்கி வருகிறது. காற்று அதன் மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மையம் உங்களுக்குத் தெற்கே போனால், வடகிழக்கில் தொடங்கிய காற்று கிழக்காகி, தென்கிழக்கில் முடியும். மையம் வடக்கே போனால், வடமேற்கில் தொடங்கி, மேற்காகி, தென்மேற்கில் முடியும். மையமே உங்கள் மேல் வந்தால் வாடை என்னும் வடகாற்று அடித்து, சட்டென்று நின்று, பிறகு சோழகம் என்னும் தென்காற்று எதிர்ப்பக்கமிருந்து அறையும். 1952 புயல் நாகைப் பக்கம் ஏறியது. ஆகவே வேதாரண்யம் அதற்குத் தெற்கே. 1955 புயல் பாக் நீரிணை வழியாக ராஜாமடம் போனது. வேதாரண்யம் அதற்கு வடக்கே. மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று மாட்டுக் கொட்டகையைக் கடல் பக்கம் தூக்கிப் போட்டது என்று ஒருவர் சொன்னால் அது 1952. கொண்டல் என்னும் கீழ்க்காற்று கடலோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்தது என்றால் 1955. மீனவர்களிடம் வடகிழக்கு, தென்மேற்கு என்று பாடநூல் திசை கேட்காமல், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று கேளுங்கள். நொடியில் பதில் வரும். விவசாயியிடம் மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கேளுங்கள். வேர் பெயர்ந்த குழி இன்னும் இருந்தால் போய்ப் பாருங்கள்.

இந்த வரிசையை எழுதி வைத்ததற்கு 2018-இல் பயன் கிடைத்தது. கஜாவின் மையம் எங்கள் ஊரை ஒட்டிக் கடந்தது. நள்ளிரவுக்குப் பின் காற்று அடங்கியதும், மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் கணவர் கதவைத் திறக்கப் போனார். நான் விடவில்லை. முன்னே பலரிடம் கேட்டு எழுதியிருந்த ஒரே வாக்கியம்தான் என் மனத்தில் இருந்தது: நின்ற காற்று திரும்பி வரும். வந்தது. முதல் பாதியில் நின்ற எங்கள் தென்னைகள் இரண்டாம் பாதியில் விழுந்தன. ஊர் ஏட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுத வேண்டிய செய்தி இதுதான். புயலைக் கண்ட முதியவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். அவர்கள் போன பிறகு யார் சொல்வது?

தண்ணீர் நின்ற உயரம்

இடுப்பளவு, கழுத்தளவு என்ற சொற்களை அப்படியே எழுதுங்கள்; ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். சொல்பவரை எழுந்து நின்று சுவரில் கையை வைக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தை அசையாத ஒரு பொருளோடு கட்டுங்கள்: கோயில் வாசற்படிக் கல், ரயில் நிலைய மேடை, பாலத்தின் கைப்பிடிச் சுவர். சாலை மட்டம் வேண்டாம். போடும்போதெல்லாம் அது உயர்கிறது. கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயை ஒரு நாள் கேட்டு வாங்கினால், ஒரு தெருவின் எல்லா அடையாளங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். கடல் ஏறியதா, மானங்கொண்டான் ஆறு பொங்கியதா, மழைநீர் வடியாமல் நின்றதா? வாயில் வைத்துப் பார்த்தவர்கள் இருப்பார்கள். உப்புக் கரித்ததா என்று கேளுங்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் அந்த வயல் விளைந்ததா என்பது அதைவிட உறுதியான சாட்சி. நிஷா நேரத்தில் காவிரிப் படுகை முழுவதையும் வாட்டியது மழை வெள்ளம், கஜாவில் காற்று. இரண்டையும் ‘புயல் சேதம்’ என்று ஒரே கட்டத்தில் போட்டால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் விளங்காது. உப்பளக்காரர்களிடம் தனியாகப் போங்கள். அகஸ்தியம்பள்ளியில் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பு எவ்வளவு கரைந்தது என்பது அவர்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். கஜாவுக்குப் பின் எங்கள் கடற்கரையில் சேறு படிந்து படகை இறக்க முடியாமல் மீனவர்கள் தவித்தார்கள். கோடியக்கரைச் சரணாலயத்தின் மான்கள் பல மாண்டு, தொலைவில் உள்ள கரைகளில் ஒதுங்கின. இழப்பீட்டுப் படிவத்தில் இவற்றுக்கு இடம் கிடையாது. ஊர் ஏட்டில் கொடுங்கள். மல்லிகைத் தோட்டம் மீண்டும் பூத்தது எப்போது, மா மறுபடி காய்த்தது எப்போது, தென்னை வைத்தவர் அதுவரை என்ன செய்து பிழைத்தார் என்பதும் பேரிடரின் பகுதிதான். நான் இதற்கென ஒவ்வொரு புயலுக்கும் பின்னால் பக்கங்கள் விட்டு வைத்து, ஐந்து ஆண்டு வரை தொடர்கிறேன்.

ஒவ்வொரு நிகழ்வோடும் நிலவையும் எழுதுங்கள் என்பது என் பிடிவாதம். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம், அதாவது கடலின் ஏற்றம், உயரும். புயல் தள்ளிவரும் நீர் அதன் மேல் ஏறும். 1977 நவம்பர் 11 அமாவாசை. அன்றிரவுதான் புயல் வந்தது, தீபாவளியை ஒட்டி. கஜா வந்தது வளர்பிறை அஷ்டமியை ஒட்டி. ஓதம் தாழ்ந்திருக்கும் நாள். நம் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், தாழ்ந்த கரையில் அரை அடிகூட ஒரு தெருவைக் காப்பாற்றும் அல்லது மூழ்கடிக்கும். அதே நேரம், 2004 டிசம்பர் 26-உம் பௌர்ணமி என்பதால் நிலவுதான் அலையைக் கொண்டுவந்தது என்று எழுதிவிடாதீர்கள். அது சுமத்ரா அருகே கடலடியில், நம் நேரம் காலை 6.28-க்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தால் வந்தது. நிலவு தேதியை உறுதி செய்யவும் நீர்மட்டத்தைப் புரிந்துகொள்ளவும் மட்டுமே.

ஆழிப்பேரலையில் நாகை மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. அதில் பெரும்பகுதி நாகை, அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி கரைகளுக்கு உரியது. ஆகவே, ஊர் ஏட்டில் மாவட்ட எண்ணை எழுதினால், பக்கத்திலேயே இது மாவட்டத்துக்கு உரியது என்று எழுதுங்கள். ஊருக்கான எண்ணைத் தெருத் தெருவாகக் கேட்டுத் தொகுக்க வேண்டும். இறந்தவர்களின் பெயரை வீட்டார் சம்மதித்தால் மட்டும் சேருங்கள். பிள்ளையை அலைக்குக் கொடுத்த தாயிடம் நேரம், உயரம் என்று நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அந்த வீட்டின் தகவல் இல்லாவிட்டாலும் ஏடு குறைந்துவிடாது.

வறட்சிக்குத் தேதி கிடையாது என்பதால் அது எளிதில் விடுபட்டுவிடும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவாகப் பெய்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கிணறு எந்த மாதம் வற்றியது, ஊற்று நீர் எப்போது உப்பானது, யார் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார்கள் என்ற கேள்விகளால் அதைப் பிடியுங்கள்.

ஒவ்வொரு குறிப்பின் கீழும் நேரில் கண்டது, கேள்விப்பட்டது, அச்சில் உள்ளது என்று மூன்றில் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். பழைய செய்திகளும் பேச்சும் எல்லாவற்றையும் புயல் என்றே சொல்லும். இன்றைய கணக்கில் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118-ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். 62-க்குக் கீழே இருந்தால் அது புயல் ஆகாத காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். வேகம் தெரியாதபோது வகைப் பெயர் சூட்டாமல், காற்று என்ன செய்தது என்பதை மட்டும் எழுதுங்கள். இரண்டு பேர் முரணாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். யார் பக்கமும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மூன்றாவது ஆள் கிடைப்பார்.

எழுதியதை ஒரே இடத்தில் பூட்டி வைக்காதீர்கள். 2018-இல் எங்கள் பகுதியில் கூரை பறந்து நனைந்துபோன குடும்ப ஆல்பங்களை நான் பார்த்தேன். ஒரு பிரதி கிளை நூலகத்துக்கு, ஒன்று பள்ளிக்கு, ஒன்று பேரிடர்ப் பாதுகாப்பு மையத்துக்கு, ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு. புகைப்படங்களின் பின்புறத்தையும் படமெடுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். தண்ணீர் நின்ற உயரங்களையும் காற்றின் வரிசையையும் மட்டும் ஒரே தாளில் அச்சிட்டு, மீன் இறங்குதளத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அந்தத் தாள் இருக்கிறதா என்று பார்த்துக் கிழிந்திருந்தால் புதிதாக ஒட்டுங்கள்.